புதுக் கேர்னல் யாருக்கு, பழகிய கேர்னல் யாருக்கு?

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் 'யூஸ்ட் லெப்டொப்' என்று கைமாறுகிறவற்றில் நான்காம், ஆறாம் தலைமுறைக்காரர்களுக்குக் குறைவில்லை. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? அதனால் நம் பக்கத்திலும் சிலர் விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

ஏற்றி ஒன்றிரண்டு கிழமை போனதும் அவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும்: இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலைப் புதுசுக்கு மாற்றவா, இருப்பதோடு விடவா? மின்டின் அப்டேட் மனேஜரில் 'வியூ' மெனுவைத் திறந்து 'லினக்ஸ் கேர்னல்ஸ்' என்பதை அழுத்தினால் இடது பக்கத்தில் 6.8, 6.11, 6.14 என்று கேர்னல் பதிப்பு எண்கள் வரிசையாக நிற்கும். ஓடிக்கொண்டிருப்பது 6.8 ஆக இருந்தால் மேலே இருப்பவை கண்ணை உறுத்தும். ஃபோனில் அண்ட்ரொய்டு புதுசு வந்தால் போட்டுப் பழகிய கைக்கு, பெரிய எண் என்றாலே நல்லது என்று தோன்றும். மறுபக்கத்தில், "ஓடுறதைக் கை வைக்காதே மச்சான்" என்று அடக்குகிற ஒரு நண்பனும் எப்போதும் இருப்பான். இரண்டு பேரும் பாதி சரி. ஆனால் இரண்டு பேருமே கேர்னலின் வயதைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: அந்தக் கேர்னலை அடுத்த மாதம் யார் பராமரிக்கப் போகிறார்கள், அதைத் தொடர்ந்து இறக்கிப் போட உங்களால் முடியுமா என்பது.

முதலில் கேர்னல் எதைத் தொடும், எதைத் தொடாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வன்பொருளுக்கும் நாம் திறக்கிற மென்பொருளுக்கும் நடுவில் நிற்பது கேர்னல். நினைவகத்தை யாருக்கு எவ்வளவு பகிர்வது, சிப்பில் எந்த வேலையை முதலில் ஓட்டுவது, வைஃபை, யூஎஸ்பி, திரை, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றோடு பேசுவது எல்லாம் அதன் பொறுப்பு. லினக்ஸில், வன்பொருளை இயக்குகிற மென்பொருளான டிரைவர்களில் பெரும்பங்கு கேர்னலுக்குள்ளேயே வருகிறது. ஆகவே ஒரு கேர்னலுக்குத் தெரிந்த வன்பொருள் எல்லாம், பெரும்பாலும் அது வெளிவந்த நாள் வரைக்கும் எழுதி முடிந்த டிரைவர்கள்தான். புதிய கேர்னலுக்கு ஆசைப்பட நியாயமான முதல் காரணமும் இதுதான்.

பிரின்டர் கோடு கோடாக அடிக்கிறதா? அதற்கும் கேர்னலுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற தனி மென்பொருள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதம் லிப்ரே ஒஃபிஸில் கிறுக்கலாகத் தெரிந்தால் அது எழுத்துருப் பிரச்சினை. பிரவுசர் மெதுவாக இருந்தால் முதலில் ரெம்மைப் பாருங்கள். இதற்கெல்லாம் மருந்தாகக் கேர்னலை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மாற்றிய பிறகும் எழுத்துக் கிறுக்கலாகவே இருக்கும்.

புதியது எப்படிப் பிறக்கிறது

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய இந்த வேலை இப்போது ஒரு மணிக்கூடு மாதிரி ஓடுகிறது. ஒரு பதிப்பு வெளிவந்ததும் இரண்டு கிழமைக்குக் கதவு திறந்திருக்கும். புதிய வசதிகள், டிரைவர்கள் எல்லாம் அந்த இரண்டு கிழமைக்குள் உள்ளே வர வேண்டும். கதவு மூடியதும் கிழமைக்கொரு சோதனைப் பதிப்பு வரும். ஏழு, சில நேரம் எட்டுச் சோதனைப் பதிப்பு தாண்டினால் அடுத்த எண் தயார். ஆக ஒன்பது, பத்துக் கிழமைக்கு ஒரு புதிய கேர்னல். 6.11 வந்தது 2024 செப்டெம்பர் 15 இல், 6.12 நவம்பர் 17 இல்.

சோதனைப் பதிப்பை வீட்டு மெஷினில் ஏற்றுவது வேறு கதை. 2021 மார்ச்சில் 5.12 இன் முதல் சோதனைப் பதிப்பில் ஸ்வொப் கோப்பு (ரெம் போதாதபோது டிஸ்க்கில் பாவிக்கிற இடம்) வைத்திருந்தவர்களின் டிஸ்க்கே சிதையக்கூடிய பிழை இருந்தது. டோர்வால்ட்ஸே அந்தப் பதிப்பின் பெயரில் 'பாவிக்காதே' என்று ஒட்டிவைத்தார். இந்தக் கட்டுரையில் 'புதியது' என்று சொல்வது சோதனை முடித்து வந்ததைத்தான்.

முடித்து வந்ததற்கும் ஆயுள் குறைவு. அடுத்த எண் வந்து சில கிழமைக்குள் முந்தையதைக் கைவிட்டுவிடுவார்கள். 6.11 இற்குத் திருத்தங்கள் 2024 டிசம்பர் தொடக்கத்தோடு நின்றன, பிறந்து மூன்று மாதம் கூட முழுதாக ஆகவில்லை. அதன் பிறகு அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், கேர்னலைச் செய்கிறவர்கள் அதை அடைக்கமாட்டார்கள். 6.12 இற்குப் போ என்பார்கள். புதிய கேர்னலை ஒருமுறை போட்டுவிட்டு இருக்க முடியாது. போட்டால் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லோராலும் துரத்த முடியாது என்பதற்காகத்தான் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். வழக்கமாக ஆண்டின் கடைசியில் வருகிற பதிப்பு ஒன்றைத் தெரிந்தெடுத்து, கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொள்வார்கள். 5.15, 6.1, 6.6, 6.12 எல்லாம் அப்படித் தெரிவானவை. ஒரு காலத்தில் இந்தக் கவனிப்பு ஆறு ஆண்டு வரை போனது. 2018 ஒக்டோபரில் வந்த 4.19 ஐ 2024 டிசம்பர் வரை இழுத்தார்கள். 2023 இல், இனிப் பொதுவாக இரண்டு ஆண்டுதான் என்று அறிவித்தார்கள். ஆட்பலம் போதாது, அவ்வளவு பழையதைக் கேட்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள் என்பது காரணம். பிறகு தேவையைப் பார்த்துச் சிலவற்றுக்கு நீட்டுவதும் உண்டு. ஆகவே 'நீண்டகாலம்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு ஆறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

பழகியது அசையாமல் நிற்பதில்லை

நம் ஆட்கள் அதிகம் தவறாக விளங்கிக்கொள்வது இந்த இடத்தை. 'நீண்டகால ஆதரவு' என்றதும் பல வருஷம் யாரும் தொடாத, இறுகிப்போன ஒன்று என்று நினைக்கிறார்கள். 4.19 இன் கடைசித் திருத்தப் பதிப்பின் எண் 4.19.325. ஆறு ஆண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் 325 பதிப்பு. கணக்குப் பார்த்தால் கிழமைக்கு ஒன்று. பழைய கேர்னல் என்று நாம் சொல்வது கிழமைக்குக் கிழமை மாறிக்கொண்டிருந்த ஒன்றைத்தான்.

மாற்றத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தத் திருத்தமும் முதலில் டோர்வால்ட்ஸின் முதன்மைக் கேர்னலுக்குள் போயிருக்க வேண்டும், அங்கிருந்துதான் பழையவற்றுக்கு இறங்கும். திருத்தம் சிறியதாக, உண்மையான ஒரு பிழையைச் சரிசெய்வதாக இருக்க வேண்டும். புதிய வசதி வரக்கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய கேர்னலுக்கு எழுதிய திருத்தத்தை இரண்டு வருஷப் பழையதற்குள் பொருத்துவது, பழைய லேலண்ட் பஸ்ஸுக்குப் புது மாடலின் பாகத்தைக் கழற்றிப் போடுவது போன்றது. பாகம் நல்ல பாகம்தான். கூடவே வர வேண்டிய இன்னொரு சின்னப் பாகம் வரவில்லையென்றால் பஸ் நடுவழியில் நிற்கும்.

2023 டிசம்பரில் அதுதான் நடந்தது. ஈஎக்ஸ்டி4 என்பது லினக்ஸில் அதிகம் பேர் பாவிக்கிற கோப்பு முறைமை, உங்கள் படங்களும் கடிதங்களும் டிஸ்க்கில் உட்காருகிற ஒழுங்கு. அதற்கான ஒரு திருத்தத்தை 6.1 இற்குள் இறக்கினார்கள். அந்தத் திருத்தம், 6.5 இல் வேறொரு பகுதியில் செய்த மாற்றம் ஏற்கெனவே இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. 6.1 இல் அந்த மாற்றம் இல்லை. விளைவாக, குறிப்பிட்ட ஒரு வகையில் எழுதும்போது டிஸ்க்கில் அடுத்து எங்கே எழுதுவது என்ற கணக்குப் பிசகி, தரவு கெட்டுப்போகும் நிலை வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.3 பதிப்பு வெளியாகிற நாளில் விஷயம் பிடிபட்டது. அதில் இருந்த கேர்னல் 6.1.64. வெளியீட்டை அப்படியே நிறுத்தி, மறுநாளே 12.4 ஐக் கொண்டுவந்தார்கள். அதே நேரத்தில் புத்தம் புதிய 6.6 இல் இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு மாற்றமும் அங்கே ஒன்றாக இருந்தன. அதாவது அந்தக் கிழமை 'பாதுகாப்பான' டெபியன்காரன் ஆபத்தில் இருந்தான், 'அவசரக்காரன்' நிம்மதியாக இருந்தான்.

மறுபக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. 2022 செப்டெம்பர் கடைசியில் வந்த 5.19.12, அப்போதைய புதிய வரிசை. இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள சில லெப்டொப்களில் திரை வெள்ளையாக விட்டுவிட்டு அடித்தது. இந்த நிலையில் ஓடவிட்டால் எல்சிடி திரையே பழுதாகலாம் என்று இன்டெல்லின் கேர்னல் பொறியாளர் ஒருவர் எச்சரித்தார். சில நாளில் 5.19.13 வந்து சரியானது. சில நாள்தானே என்று சொல்லலாம். உபுண்டுவின் அல்லது மின்டின் இயல்புக் கேர்னலில் இருந்தவனுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அவனுடைய மெஷினுக்கு 5.19.12 வந்து சேரவே இல்லை.

பாதுகாப்பு ஓட்டைகளிலும் இதே இழுபறி. 2022 மார்ச்சில் வெளியே வந்த 'டேர்ட்டி பைப்', மெஷினுக்குள் சாதாரணக் கணக்கு வைத்திருக்கிற ஒருவர் ரூட் எனும் முழு அதிகாரத்தையும் பிடிக்க வழிவிட்டது. அந்த ஓட்டை நுழைந்தது 5.8 இல். அதற்கு முந்தியவற்றில் இருந்தவர்களுக்கு அது இல்லவே இல்லை, பழமை காப்பாற்றியது. ஆனால் 2016 இல் பிடிபட்ட 'டேர்ட்டி கவ்' 2007 இல் இருந்தே உள்ளே இருந்தது. ஒன்பது ஆண்டு எல்லோரும் சோதித்துப் பழகிய கேர்னலுக்குள் ஒளிந்திருந்த ஓட்டை அது. வயது எதற்கும் உத்தரவாதம் தரவில்லை. இரண்டு முறையும் தப்பியவர்கள், திருத்தம் வந்ததும் அது தங்கள் மெஷினுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

அதனால் என் கணக்கில் நிச்சயமாகப் பிழையான தெரிவு ஒன்றுதான்: ஆதரவு முடிந்த கேர்னல். அது 2015 ஆம் ஆண்டினதாக இருக்கலாம், ஆறு மாதத்துக்கு முன் ஆசையோடு கையால் ஏற்றி மறந்துபோன 'புத்தம் புதியதாக'வும் இருக்கலாம். இரண்டாவது வகைதான் அதிகம் ஏமாற்றும். எண் பெரிதாக இருக்கும், மனம் நிம்மதியாக இருக்கும், திருத்தம் மட்டும் வராது.

எண்ணை வைத்து எடைபோட முடியாத இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டு 24.04 ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதோடு வந்த 6.8 கேர்னலோ கிரெக்கின் நீண்டகாலப் பட்டியலில் இல்லை. அங்கே 6.8 எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் உபுண்டுவைச் செய்கிற கெனோனிக்கல் தன் ஆட்களை வைத்து அதைத் தானே கவனித்துக்கொள்கிறது, உபுண்டுவைத் தளமாகக் கொண்ட மின்ட் 22 உம் அதோடுதான் வந்தது. ரெட் ஹெட் இன்னும் ஒரு படி மேலே. அந்த நிறுவனத்தின் ஆர்ஹெச்ஈஎல் 8 இயங்குதளத்தில் கேர்னல் எண்ணைக் கேட்டால் 4.18 என்று சொல்லும், உள்ளே பல வருஷத்துத் திருத்தங்களும் புதிய டிரைவர்களும் அடைந்து கிடக்கும். கேர்னல் தளத்தில் 'ஆதரவு முடிந்தது' என்று கண்டதும் பதறுகிறவர்கள், தங்களுக்குக் கேர்னல் தருவது கிரெக்கா, தங்கள் டிஸ்ட்ரோவா (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வெளியீடு) என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் டிஸ்ட்ரோதான்.

நம் மேசைகளில் இருக்கிற மெஷின்கள்

சரி, இதையெல்லாம் இங்கே உள்ள மெஷின்களில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு கொமினிகேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம், ஏஎல் பெறுபேறு வருகிற அன்றைக்குப் பிள்ளைகள் கூட்டம். மேசையில் நான்காம் தலைமுறை ஐ5 டெஸ்க்டொப், முந்தைய சொந்தக்காரர் போட்டுவிட்ட என்விடியா ஜீடி 710 கிராஃபிக்ஸ் கார்டு. கடைக்காரர் கேட்பார்: "தம்பி, புதுசு வந்திரிக்காம், போடட்டா?" பதில்: "போடாதீங்க காக்கா." காரணம் கார்டில் இருக்கிறது. ஜீடி 710 இற்கு என்விடியாவின் சொந்த டிரைவரில் கடைசியாக ஆதரவு இருந்தது 470 வரிசையில். 2024 இன் நடுப்பகுதிக்குப் பிறகு அந்த வரிசைக்கு வேலை நின்றுவிட்டது. அதற்கும் பழைய ஜீடி 610 போன்றவை 390 வரிசை. அது 2022 கடைசியிலேயே முடிந்தது.

இந்த டிரைவர் கேர்னலுக்குள் வருவதில்லை. வெளியே நிற்கிறது. புதிய கேர்னல் ஏறும் ஒவ்வொரு முறையும் டிகேஎம்எஸ் என்ற கருவி அந்த டிரைவரின் ஒரு பகுதியைப் புதுக் கேர்னலுக்கு ஏற்றமாதிரி மெஷினிலேயே மறுபடி கட்டும். கேர்னலின் உட்பகுதி பதிப்புக்குப் பதிப்பு மாறும். வெளியே உள்ள மென்பொருளை உடைக்கக்கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் கண்டிப்பானவர். உள்ளே இருக்கிற இணைப்புகளுக்கு அந்த வாக்குறுதி கிடையாது. கைவிடப்பட்ட டிரைவர் ஒருநாள் புதுக் கேர்னலோடு கட்டப்படாமல் போகும். டிஸ்ட்ரோக்காரர்கள் ஒட்டுப் போட்டுக் கொஞ்சக் காலம் இழுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அப்டேட் ஓடும்போது நடுவில் எங்கோ ஒரு வரியில் பிழை என்று வந்து போயிருக்கும், யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். அடுத்தநாள் காலை கடை திறந்து மெஷினைப் போட்டால் கறுப்புத் திரை, அல்லது 1024க்கு 768 இல் பூதாகரமான எழுத்துகள். கடைக்காரருக்கு 'மெஷின் செத்துப்போச்சு.' உண்மையில் செத்தது ஒன்றுமில்லை. டிரைவரும் கேர்னலும் பிரிந்துவிட்டன.

அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு இன்டெல் சிப்பிலேயே உள்ள கிராஃபிக்ஸில் ஓட்டினால் பாதித் தலையிடி போகும். அதற்கான டிரைவர் கேர்னலுக்குள்ளேயே, பத்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. கடிதம் தட்டுவதற்கும் யூடியூப் பார்ப்பதற்கும் அது தாராளம். இப்படிப்பட்ட மெஷினுக்குப் புதிய கேர்னலால் கிடைக்கிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு விதிவிலக்குச் சொல்லலாம்: ரெம் 4 ஜீபி மட்டும் உள்ள மெஷின். நினைவகம் நிரம்பும்போது எதை வைத்திருப்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கிற முறையை 6.1 இல் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். 5.15 இல் நின்று, பிரவுசரில் நாலு டெப் திறந்ததும் இறுகிப்போகிற மெஷினுக்கு அதற்குப் பிந்திய கேர்னல் கொஞ்சம் மூச்சுவிட இடம் தரலாம். என்றாலும் இன்னொரு 4 ஜீபி ரெம் வாங்கிப் போடுவதற்கு அது ஈடாகாது.

வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிற பிள்ளைக்கு வீட்டில் கஷ்டப்பட்டு வாங்கிக்கொடுத்த புது லெப்டொப் என்றால் கதை நேர்மாறு. அதில் பழைய டிஸ்ட்ரோவை ஏற்றினால் வைஃபை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ரியல்டெக்கின் 8852பிஈ சிப் மலிவான லெப்டொப்களில் நிறைய வருகிறது. அதற்கான டிரைவர் கேர்னலுக்குள் வந்தது 6.2 இல். மின்ட் 21 போன்றவற்றின் இயல்புக் கேர்னல் 5.15. நண்பன் கொடுத்த பழைய பென் டிரைவில் மின்ட் 21 ஐ ஏற்றிவிட்டு, "லினக்ஸில வைஃபை வேலை செய்யாது" என்று முடிவுகட்டிய பிள்ளைகள் உண்டு. மீடியாடெக்கின் 7921 சிப்புக்கு 5.12 வேண்டும். இன்டெல்லின் மீட்டியர் லேக் சிப் என்றால் கிராஃபிக்ஸ் ஒழுங்காக வந்தது 6.7 அளவில்.

இப்படியான இடத்தில் 'ஓடுறதைத் தொடாதே' என்ற புத்திமதிக்கு அர்த்தமே இல்லை, தொடுவதற்கு அங்கே எதுவும் ஓடவில்லை. ஆனால் இணையத்தில் தேடிப் புத்தம் புதியதைக் கையால் இறக்குவதற்கு முன், டிஸ்ட்ரோவே கொண்டுவருகிற புதியதைப் பாருங்கள். உபுண்டுவில் 'ஹெச்டபிள்யூஈ' என்று ஒரு வரிசை உண்டு. பழைய அடித்தளத்திலேயே ஆறு மாதத்துக்கொருமுறை புதிய கேர்னலைத் தருவது. 24.04 இல் 6.8 இல் தொடங்கி, 2025 பெப்ரவரியில் 6.11, ஓகஸ்ட்டில் 6.14 என்று வந்தது. டெபியனில் இதற்குப் 'பெக்போர்ட்ஸ்' இருக்கிறது. இவை டிஜிட்டல் கையெழுத்தோடு வருவதால், கையெழுத்தில்லாத கேர்னலை எழும்பவிடாத செக்கியூர் பூட் தடுக்காது, திருத்தமும் தானாக வரும். உபுண்டுவின் 'மெயின்லைன்' கேர்னல்கள் அப்படி இல்லை. அவை பிழை தேடுவதற்காகக் கட்டி வைப்பவை. பாதுகாப்புத் திருத்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை, செக்கியூர் பூட் இருந்தால் எழும்பவும் மாட்டா. நான் மேலே சொன்ன 'போட்டு மறந்தவர்' வகை பெரும்பாலும் இந்த வழியாகத்தான் உருவாகிறது.

வைஃபை இல்லாமல் அந்தப் புதுக் கேர்னலை எப்படி இறக்குவது? ஃபோனை யூஎஸ்பி வயரில் கொழுவி, ஃபோனின் இணையத்தை லெப்டொப்புக்குப் பகிர்கிற டெதரிங்கைப் போட்டால் போதும். அது பழைய கேர்னலிலும் ஓடும்.

டேட்டாவும் கரண்டும்

கேர்னல் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் அநேகமாக வராத இரண்டு விஷயம் இங்கே தீர்மானிக்கும்.

ஒன்று டேட்டா. கேர்னல், அதன் மொடியூல்கள், ஹெடர்கள் சேர்ந்தால் ஒரு அப்டேட் நூறு எம்பியைத் தாண்டும். கூடவே ஃபேர்ம்வெயர் (வன்பொருளுக்குள் ஓடுகிற மென்பொருள்) பொதியும் புதுப்பிக்கப்பட்டால் இன்னும் சில நூறு எம்பி. ஃபெடோரா, ஆர்ச் போன்று புதியதைத் துரத்துகிற டிஸ்ட்ரோக்களில் இது அநேகமாகக் கிழமைக்குக் கிழமை. உபுண்டு, மின்டில் சில கிழமைக்கொருமுறை. வீட்டுக்கு ஃபைபர் வந்தவர்களுக்கு இது பெரிய தொகையில்லை. வாகரைப் பக்கமோ திருக்கோவில் பக்கமோ ஃபோன் டேட்டாவை நம்பி இருக்கிறவருக்கு, கிழமைக்கு அவ்வளவு எம்பி என்றால் இரண்டாவது கிழமையே அப்டேட்டை நிறுத்திவிடுவார். நிறுத்திய நாளில் இருந்து புதிய கேர்னல் கொடுத்த ஒரே நன்மையும் போய்விடும். இரவுநேர டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்குமாறு வைக்கலாம். எப்படியும் அடிக்கடி இறக்க முடியாதவருக்கு மெதுவாக நகர்கிற வரிசைதான் தோது.

இரண்டாவது கரண்ட். நவம்பர், டிசம்பர் மாரியில் மரக்கொப்பு வயரில் விழுந்து கரண்ட் போவது நமக்குப் புதிதில்லை. கேர்னல் ஏறும்போது கடைசிக் கட்டத்தில் இனிட்ரெம்எஃப்எஸ் என்ற கோப்பு ஒன்று கட்டப்படும். மெஷின் எழும்பும்போது டிஸ்க்கைக் கண்டுபிடிக்கத் தேவையான சாமான்கள் அதற்குள் இருக்கின்றன. அது பாதி எழுதியபோது யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் கரண்ட் போனால், மறுமுறை போடும்போது 'கேர்னல் பெனிக்' என்று திரை உறைந்து நிற்கக்கூடும். பெட்டரி செத்த யூஸ்ட் லெப்டொப்பும் இந்த விஷயத்தில் டெஸ்க்டொப் மாதிரித்தான். எவ்வளவு அடிக்கடி கேர்னல் ஏறுகிறதோ அவ்வளவு அடிக்கடி இந்தச் சந்தர்ப்பம். வானம் இருட்டி இடி கேட்கத் தொடங்கிய பின்னேரத்தில் அப்டேட் பொத்தானை அழுத்தாதீர்கள். அவசரமில்லை, நாளைக் காலையும் அது அங்கேயே இருக்கும்.

பயப்படவும் வேண்டியதில்லை. லினக்ஸ் புதுக் கேர்னலைப் பழையதன் மேல் எழுதுவதில்லை, பக்கத்தில் வைக்கிறது. உபுண்டு, மின்டில் ஓடுகிறதையும் புதியதையும் விட்டுவைக்கும், ஃபெடோரா மூன்றை வைத்திருக்கும். மெஷினைப் போட்டதும் பழைய பயோஸ் என்றால் ஷிஃப்ட்டையும், யூஈஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பையும் அழுத்தினால், எந்தக் கேர்னலில் எழும்புவது என்று தெரிகிற க்ரப் மெனு வரும். சாதாரணமாக அது ஒளிந்திருக்கும் என்பதால் பலர் அதைக் கண்டதே இல்லை. முதல் வரி வழமையான தொடக்கம். இரண்டாவது வரியில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்'. அதற்குள் போனால் கேர்னல் எண்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கீழே 'ரிக்கவரி மோட்' ஒன்றும் இருக்கும். நேற்று ஓடிய எண்ணைத் தெரிந்து என்டரைத் தட்டினால் நேற்றைய மெஷின் திரும்ப வரும். பிறகு டெர்மினலில் இடையில் நின்ற நிறுவலைத் தொடரச் சொன்னால் பாதியில் விட்டதும் முடிந்துவிடும். கறுப்புத் திரை வந்த அந்தக் கொமினிகேஷன் கடைக்கும் இதேதான் மருந்து. புதுக் கேர்னலைப் போடுவதற்கு முன்னால் ஒருமுறையாவது இந்த மெனுவைத் திறந்து பார்த்துவைத்திருங்கள். கூட்டம் நிற்கிற நேரத்தில் முதன்முதலாகத் தேடக்கூடாது.

ஆகவே வீட்டு, கடை மெஷினுக்கு நான் சொல்வது டிஸ்ட்ரோவின் இயல்புக் கேர்னல். புதுசுக்குப் போவதென்றால் ஒரு சாமானின் பெயரைச் சொல்லிப் போங்கள்: 'இந்த வைஃபை சிப்புக்காக', 'இந்தக் கிராஃபிக்ஸுக்காக', 'ஸ்லீப் போட்டால் எழும்பாத இந்தக் கோளாறுக்காக'. சொல்லப் பெயர் இல்லையென்றால் தேவையும் இல்லை. ஏஎம்டி கிராஃபிக்ஸில் கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு சொல்: கேர்னலை மட்டும் மாற்றிப் பயனில்லை. கிராஃபிக்ஸ் மென்பொருளான மேசா, ஃபேர்ம்வெயர் இரண்டும் கூடவே புதுசாக வேண்டும். அப்படியானவர்களுக்கு ஃபெடோரா போன்றதே பொருத்தம், எல்லாம் ஒன்றாக நகரும்.

பாடசாலை, டியூட்டரி ஆய்வுகூடங்களில் பத்துப் பதினைந்து மெஷினை ஒரே ஆள் கவனிப்பார். அங்கே ஒரு மெஷினில் மட்டும் முதலில் அப்டேட் போட்டு, ஒரு கிழமை பிள்ளைகள் பாவித்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். 32-பிட் மெஷின் இன்னும் மூலையில் கிடந்தால் இந்தத் தெரிவே உங்களுக்குக் கிடையாது. டெபியன் 13 இல் 32-பிட் பீசிக்கான கேர்னலையும் இன்ஸ்டோலரையும் எடுத்துவிட்டார்கள், 12 தான் கடைசி.

டிஸ்க்கை மறைகுறியாக்கி ஏற்றியவர்கள் மட்டும் பூட் பகுதியில் மிச்ச இடத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அது தனியான சின்னப் பகுதி, இரண்டு மூன்று கேர்னலிலேயே நிரம்பிவிடும். நிரம்பினால் அடுத்த கேர்னல் பாதியில் நிற்கும். மின்டின் அதே 'லினக்ஸ் கேர்னல்ஸ்' பெட்டியில் பாவிக்காத பழையவற்றைத் தெரிந்து நீக்கலாம். இப்போது ஓடுகிறதையும், அதற்கு முன் நன்றாக ஓடிய ஒன்றையும் மட்டும் விட்டுவையுங்கள்.